பொருத்தமான எந்த இடமும்

அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் திருப்பும்மா. மடியில கவுத்து வெச்சிருக்கியா, பின்னட்டைதான் தெரியுது. பொது நிர்வாகம்! அதானே, எங்கயோ பாத்த புஸ்தகமா இருக்கேன்னு நெனச்சேன். எம்.ஏ.வா? நானும் அதான். உனக்குக் காலேஜுல பெஞ்சுல உக்காந்து படிக்கிற கொடுப்பினை இருக்கு. எனக்கு அஞ்சல் வழி. கல்யாணமாகி, புள்ள பொறந்து, அதுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே படிச்சேன்.

இதைப் படிச்சு என்ன பண்ணப் போறேன்னு வீட்டுல கேக்குறாங்களா? கேப்பாங்க. என் மாமியாரு, "நிர்வாகம் பண்றதுக்கு வீட்டுல என்ன வேலையா இல்ல?"ன்னு கேட்டாங்க. அதுக்கெல்லாம் பதில் சொல்லாத. என்னைக் காட்டு. நான் கவுன்சிலர். எங்க பேரூராட்சியில ஒன்பதாவது வார்டு. கீரைக்காரத் தெருவும் அதை ஒட்டின சந்துங்களும். ஹேமலதா, எம்.ஏ. போஸ்டர்ல என் பேரை விட அந்த எம்.ஏ. பெருசா இருந்துச்சு.

நம்ம படிப்பு வீண் போகாதும்மா. அதைச் சொல்லத்தான் பேச்சுக் குடுத்தேன். பஸ்ஸு போய்ச் சேர நேரமாகும், நீ பாட்டுக்குத் தூங்கணும்னா தூங்கு. இல்லையா? சரி.

எங்க வார்டு அந்தத் தேர்தல்ல பெண்களுக்குன்னு ஆச்சு. கட்சிக்காரங்க அவங்கவங்க சம்சாரத்தை நிறுத்திடணும்னு அலைஞ்சாங்க. தனகோபால் அண்ணன், இப்ப சேர்மனா இருக்காரே, அவரு நேரா எங்க வீட்டுக்கு வந்தாரு. எங்க வீட்டுக்காரரு பன்னீரு அவருகிட்டதான் வேலை பாக்குறாரு. தெருவிளக்கு மாத்துறது, குழாய் ஒடைஞ்சா சரி பண்றது, இந்த மாதிரி பேரூராட்சி வேலையை அண்ணன் எடுத்து இவருகிட்ட விடுவாரு. அதனாலதான் சீட்டு குடுத்தாருன்னு ஊருல பேசுனாங்க. இல்லம்மா. படிப்புக்காகக் குடுத்தாரு. அவரு வாயாலயே சொன்னாரு.

"ஏம்மா, நீ என்னமோ பெரிய படிப்பு படிச்சிருக்கியாமே, என்ன படிப்பு அது?"

"ஊராட்சி, நகராட்சியெல்லாம் எப்படி நடக்கணும்னு படிக்கிறதுண்ணே."

"அதுக்கெல்லாமா படிப்பு வெச்சிருக்கான்!"னு சிரிச்சாரு. அப்புறம் எங்க வீட்டுக்காரரைப் பாத்து, "பன்னீரு, உன் சம்சாரத்தையே நிறுத்துறேன். படிச்ச புள்ள நின்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்"னாரு.

என்கிட்ட கேக்கலையேன்னு நெனக்கிறியா? நான் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு இஷ்டமில்லன்னா சொல்லியிருக்க மாட்டேனா?

எனக்காக ஓட்டுக் கேட்டு என்னை விட அதிகமா நடந்தது ஜெயக்கொடி அக்கா. எதிர் வீடு. மாவு மில்லு வெச்சிருந்தாங்க. மில்லுக்கு யாரு வந்தாலும், "நம்ம ஹேமா படிச்ச புள்ளடி, அவளுக்குப் போடாம யாருக்குப் போடுவ?"ன்னு சொல்லித்தான் மாவையே குடுப்பாங்க. இப்ப என்கிட்ட பேசுறதில்ல. அதை விடு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஜெயிச்சாச்சு. முதல் கூட்டம். ஈ.ஓ.ன்னு ஒருத்தரு இருப்பாரு, செயல் அலுவலரு, உன் புஸ்தகத்துலயே வரும். அவரு ஒரு தாளை வெச்சுக்கிட்டு மூச்சு விடாம வாசிக்கிறாரு. பொருள் ஒண்ணு, ஏற்கப்பட்டது. பொருள் ரெண்டு, ஏற்கப்பட்டது. யாரு ஏத்தாங்க? ஒருத்தரும் வாயத் தொறக்கல. பாதிப் பேரு போண்டா வருதான்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. பொம்பளைங்க எல்லாம் பின்வரிசை. எங்க வீட்டுக்காரங்க எல்லாம் வராந்தாவுல நின்னு ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறாங்க. நான் எழுந்திரிச்சேன்.

"இந்த மூணாவது பொருளுக்கு மதிப்பீடே வெக்கலையே. மதிப்பீடு இல்லாம மன்றம் எப்படி ஏத்துக்க முடியும்?"

ஈ.ஓ. கண்ணாடியைக் கழட்டிட்டாரு. ஜன்னல்ல எங்க வீட்டுக்காரரு மூஞ்சி இருந்த இடத்துல மூஞ்சியக் காணோம். நாலாவது வார்டு பவுனம்மா மட்டும், "கேளு தாயி, கேளு!"ன்னு பின்னாலேர்ந்து சத்தம் போட்டுச்சு. பவுனம்மா கருவாடு விக்கும். காலனிக்காரங்க வார்டு. அந்தம்மா எல்லாத்துக்கும் சத்தம் போடும்.

கூட்டம் முடிஞ்சதும் அண்ணன் ரூமுக்குக் கூப்பிட்டாரு. திட்டத்தான் போறாருன்னு நெனச்சேன். திட்டல. காப்பி வரவழைச்சாரு.

"உன்ன மாதிரி ஆளு என் எதிர்ல உக்காரக் கூடாதும்மா. பக்கத்துல உக்காரணும்."

அடுத்த கூட்டத்துலேர்ந்து எனக்கு முன்வரிசை நாற்காலி. ஈ.ஓ.வுக்குப் பக்கத்துல. கூட்டத்துக்கு முன்னாடியே தாளெல்லாம் என் வீட்டுக்கு வந்துரும். நான் திருத்துனா திருத்துனதுதான். ஈ.ஓ.வே, "மேடம், இந்த வாக்கியம் சரியா வருதா?"ன்னு போன் போட்டுக் கேப்பாரு. அதுக்கப்புறம் கூட்டத்துல நான் கேள்வி கேட்டதில்ல. கேக்க என்ன இருக்கு? எல்லாத்தையும் நானே சரி பண்ணி அனுப்பிடுறேன். என் தீர்மானத்தை நானே கேள்வி கேக்க முடியுமா?

சும்மா சொல்லக் கூடாது, தெருவுக்கு நல்லது நடந்துச்சு. சாக்கடை எங்க தெருவுல பாதியில நின்னு கெடந்துச்சு, அதை முழுசாக் கட்ட வெச்சேன். எந்த நிதியில கேக்கணும், எந்த ஆபீசுக்கு எப்படி எழுதணும்னு மத்தவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதிகாரத்தை ஒருத்தருகிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு ஒப்படைக்கிறதுன்னு ஒரு பாடம் வரும் பாரு, வந்துருச்சா உனக்கு? அடுத்த செமஸ்டரா? அதை நல்லா படி. அதுலதான் எனக்கு ரொம்ப நல்ல மார்க். எழுதும்போதே எனக்குச் சந்தோஷமா இருக்கும். ஒரு வாக்கியத்துல ஒரு ஊரையே கட்டிப் போடலாம், ஒரு வாக்கியத்துல அவுத்தும் விடலாம்.

அப்பதான் குப்பை வந்துச்சு.

எங்க ஊருக் குப்பையெல்லாம் ஆத்தங்கரையில கொட்டிக்கிட்டு இருந்தாங்க. அங்க கொட்டக் கூடாது, வேற இடத்துல கிடங்கு கட்டுங்கன்னு மேலேர்ந்து உத்தரவு. நிதியும் வந்துருச்சு. வந்த நிதி திரும்பிப் போனா அண்ணனுக்குக் கெட்ட பேரு. இடம் ஒண்ணுதான் இருந்துச்சு. காலனிக்குப் பின்னாடி, பவுனம்மா வார்டுல, புறம்போக்கு.

காலனிக்காரங்க என்னைப் பாக்க வந்தாங்கம்மா. பவுனம்மா வரல, ஒரு அஞ்சாறு பொம்பளைங்க, கைப்புள்ளையோட. "நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பாங்க"ன்னாங்க. நான் வாசல்ல நிக்க வெச்சுப் பேசல. உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சு, டீ குடுத்து, புறம்போக்குன்னா என்ன, பொது நலன்னா என்ன, எல்லாத்தையும் பொறுமையா வெளக்குனேன். ஆட்சேபணை இருந்தா எப்படி எழுதிக் குடுக்கணும்னும் சொன்னேன். எந்தக் கவுன்சிலரு அப்படிச் செய்வாங்க? அதுல ஒரு பொண்ணு டீயைக் குடிக்காமயே வெச்சுட்டுப் போயிருச்சு. சூடா இருந்திருக்கும்.

கூட்டத்துல அந்தப் பொருளை எடுத்தாலே பவுனம்மா எழுந்திரிச்சிரும். மேசையத் தட்டும். கூட்டம் கலைஞ்சு போகும். இப்படியே தள்ளிப் போயிக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் என்னை ரூமுக்குக் கூப்பிட்டாரு.

"ஹேமா, இது திரும்பத் திரும்ப மன்றத்துக்கு வராத மாதிரி ஒண்ணு எழுத முடியுமா? சர்வே நம்பரெல்லாம் போட்டு, ஒரே தடவையில முடிக்கிற மாதிரி?"

நான் சிரிச்சேன். "சர்வே நம்பர் போட்டா அதை வெச்சே கோர்ட்டுல தடை வாங்கிருவாங்கண்ணே. இடத்தையே சொல்ல வேண்டாம்"னேன்.

"இடத்தைச் சொல்லாம எப்படிம்மா கிடங்கு கட்டுறது?"

"நான் எழுதித் தர்றேன், பாருங்க."

அன்னைக்குச் சமையலை முடிச்சுட்டு உக்காந்தேன். ஒரே வாக்கியம். இப்பவும் மனப்பாடம். "பேரூராட்சி எல்லைக்குட்பட்ட பொருத்தமான எந்த இடத்தையும் தலைவர் அவர்கள் தெரிவு செய்து பணியைத் தொடங்க அதிகாரம் அளித்தும், இதன்பொருட்டு மன்றத்தின் மறு ஒப்புதல் தேவையில்லை எனவும் இம்மன்றம் தீர்மானிக்கிறது." 'எந்த இடத்தையும்'. கவனிச்சியா? அந்த வார்த்தையில எங்க வேணாலும் நிக்கலாம். எதைக் காட்டித் தடை வாங்குவாங்க? அண்ணன் படிச்சுப் பாத்துட்டு ரெண்டாவது தடவை படிச்சாரு. "அடேயப்பா"ன்னாரு. அவரு யாரையும் அப்படிச் சொன்னதில்ல. முன்மொழிஞ்சதும் நான்தான். கடைசியில ஏதோ சில்லறைப் பொருளோட சேத்து வாசிச்சாங்க. பவுனம்மா காதுல காலனின்னு ஒரு வார்த்தை விழல. அது பாட்டுக்கு உக்காந்திருந்துச்சு. ஏற்கப்பட்டது.

இப்ப கேளு. காலனிக்குப் பின்னாடி பொக்லைனு போச்சு. பவுனம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? சட்டம் பேசல, மனுக் குடுக்கல, நான் சொல்லிக் குடுத்த மாதிரி ஆட்சேபணையும் எழுதல. வீட்டுலேர்ந்து கட்டிலைத் தூக்கிட்டு வந்து ரோட்டுக்கு நடுவுல போட்டு உக்காந்துருச்சு. அதைப் பாத்து காலனியே கட்டிலைத் தூக்கிட்டு வந்துருச்சு. சமையல் ரோட்டுல, புள்ளைங்க பாடம் படிக்கிறது ரோட்டுல. பஸ்ஸு போக முடியல. டி.வி.க்காரங்க வந்துட்டாங்க. மேலேர்ந்து அண்ணனுக்கு போன் மேல போன். "சட்டசபைத் தேர்தல் வருது, அந்த ஓட்டு நமக்கு வேணும், வேற எங்கயாச்சும் பாரு"ன்னுட்டாங்க.

இதெல்லாம் முறையான வழியா, நீயே சொல்லு.

அண்ணன் என்னைக் கூப்பிட்டாரு. காப்பி வந்துச்சு. அவரு ரூமுல காப்பி வந்தாலே இப்பெல்லாம் நான் டம்ளரைத் தொடுறதில்ல. அப்பத் தெரியல.

"கீரைக்காரத் தெரு முடியிற எடத்துல பழைய செங்கச் சூளை இருந்துச்சே, அது பேரூராட்சி எடம்தானேம்மா?"

"ஆமாண்ணே."

"அங்க போட்டுரலாம்."

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவே இல்ல. எங்க தெருவுதாண்ணே அது, என் வார்டுண்ணே, எங்க வீட்டுலேர்ந்து கூப்பிட்டா கேக்குற தூரம்ண்ணேன்னு சொன்னேன்.

"அதனாலதான்மா. மத்த வார்டுன்னா கத்துவாங்க. உன் வார்டுன்னா நீ இருக்க. நீ பேசுனா அடங்கிருவாங்க"ன்னாரு. அதைக் கோவமாச் சொல்லல. பாசமாச் சொன்னாரு. அதுதாம்மா. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாச்சும் சொல்லியிருப்பேன்.

"மன்றத்துல வெச்சு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"மறு ஒப்புதல் வேண்டாம்னு நீதானே எழுதுன?"

ஆமா. நான்தான் எழுதுனேன்.

வீட்டுக்கு வந்து இவருகிட்ட சொன்னேன். இவரு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. "கிடங்குக்கு மின்சார வேலை, தண்ணி வேலையெல்லாம் எனக்குத்தான்னு அண்ணன் சொல்லிட்டாரு"ன்னாரு. அவருக்கு எனக்கு முன்னாடியே தெரியும்! ரசத்தை ஊத்துன்னாரு. ஊத்துனேன்.

நான் சும்மா இருந்துட்டேன்னு நெனக்காத. யாருக்கும் தெரியாம ஜில்லா ஆபீசுக்குப் போனேன், பேரூராட்சிகளுக்கெல்லாம் மேல இருக்குற உதவி இயக்குநரைப் பாக்க. "இந்தத் தீர்மானத்துல ஏதாச்சும் குறை இருக்குதா சார், ரத்து பண்ண வழி இருக்குதா?"ன்னு கேட்டேன். அவரு எடுத்து வெச்சுப் படிச்சாரு. நிதானமாப் படிச்சாரு. "யாரும்மா இதை எழுதுனது? ஈ.ஓ.வா?"ன்னாரு.

"நான்தான் சார்."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஓட்டையே இல்ல. இதை ஒண்ணும் பண்ண முடியாது மேடம்"னாரு.

பக்கத்து மேசைக்காரங்களைக் கூப்பிட்டுக் காமிச்சாரும்மா. "ஒரு பேரூராட்சிக் கவுன்சிலரு எழுதுனது, பாருங்க"ன்னு. எனக்கு அழுகை வந்துச்சு. ஆனா பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு. நான் எழுதுனதை அது வரைக்கும் அப்படி யாரும் உக்காந்து படிச்சதில்ல.

அப்புறம் பொக்லைனு எங்க தெருவுக்கு வந்துச்சு. பவுனம்மாகிட்ட கத்துக்கிட்டாங்க எல்லாரும். தெருவே வந்து முன்னாடி உக்காந்துருச்சு. கட்டில் இல்ல, பாயி, சாக்கு, எது கெடைச்சதோ அது. முன்வரிசையில ஜெயக்கொடி அக்கா. அவங்க வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறல், ரொம்ப நாளா. அவரையும் நாற்காலியில தூக்கிட்டு வந்து உக்கார வெச்சுட்டாங்க. எல்லாரும் என் வீட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் வந்து பக்கத்துல உக்காருவேன்னு எடம் விட்டு வெச்சிருந்தாங்கம்மா. நெஜமாவே எடம் விட்டு வெச்சிருந்தாங்க.

இன்ஸ்பெக்டரு என் வீட்டுக்கு வந்தாரு. கூட எங்க வீட்டுக்காரரு.

"மேடம், நீங்க பேசுங்க. நீங்க பேசலைன்னா நாங்க தூக்கி வண்டியில ஏத்த வேண்டியிருக்கும். அதுல நோயாளி ஒருத்தரு வேற இருக்காரு, எனக்கு அது பிடிக்கல."

நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? சொல்லு. தூக்கி எறிய விட்டிருப்பியா? நான் போனேன். அந்த விட்டிருந்த எடத்துல போய் நின்னேன். உக்காரல, நின்னேன். பேசுனேன்.

நல்லாப் பேசுனேன்மா. அதை நானே சொல்லக் கூடாது. எனக்குக் கொரல் அன்னைக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல. குப்பை எல்லாரும் போடுறோம், எங்கயாச்சும் ஒரு எடத்துக்குப் போய்த்தானே ஆகணும்னேன். சட்டப்படி மன்றம் முடிவு பண்ணிருச்சுன்னேன். தடுத்தா என்னென்ன பிரிவுல வழக்கு வரும், பாஸ்போர்ட்டுக்கு எப்படிச் சிக்கல் வரும், அரசு வேலைக்கு எழுதுற புள்ளைங்களுக்கு என்ன ஆகும், ஒவ்வொண்ணாச் சொன்னேன். வெளிநாட்டுல புள்ளைங்க இருக்குற வீடு எங்க தெருவுல ஜாஸ்தி. பாஸ்போர்ட்டுன்னதும் மொதல்ல பின்வரிசை எழுந்திரிச்சுச்சு. அப்புறம் நடுவுல. ஒருத்தரும் கத்தல. பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இன்ஸ்பெக்டரு கையெடுத்துக் கும்பிட்டாரு என்னை.

கடைசியா ஜெயக்கொடி அக்காதான். வீட்டுக்காரரு நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

"நீ பரீட்சை எழுதப் போனப்பெல்லாம் உன் புள்ளைய என் இடுப்புலதான் வெச்சிருந்தேன் ஹேமா. அழுவா. இருடி, உங்கம்மா படிச்சுட்டு வருவான்னு சொல்லுவேன்"னாங்க. அவ்வளவுதான். திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல.

அவங்களுக்குச் சட்டம் தெரியாதும்மா. உணர்ச்சிவசப்படுறாங்க. நான் பேசலைன்னா அவரைத் தூக்கி வண்டியில போட்டிருப்பாங்கல்ல? அதை யோசிக்க மாட்டேங்கிறாங்க.

கிடங்கு வந்ததும் மில்லை மூடிட்டுத் தங்கச்சி ஊருக்குப் போயிட்டாங்க. அந்தக் காத்துல அவரால மூச்சு விட முடியல. வீட்டை விக்கணும்னு பாத்தாங்க, யாரும் வாங்கல. எங்க வீட்டையும்தான் யாரும் வாங்க மாட்டாங்க. என் பொண்ணை எங்கம்மா வீட்டுல விட்டிருக்கேன், அங்கேர்ந்துதான் பள்ளிக்கூடம் போறா. எங்க வீட்டுல ஜன்னல் தொறக்குறதில்ல. கதவும் தொறக்குறதில்ல. ஈ. சோத்துல கை வெச்சா ஈ. முன்னெல்லாம் விடிஞ்சா வாசல்ல நாலு பேரு நிப்பாங்க, பென்சன் வரல, ரேஷன் கார்டுல பேரு தப்புன்னு. இப்ப யாரும் வர்றதில்ல. நான் தெருவுல நடந்தா பேச்சு நின்னுருது. நான் போனதுக்கப்புறம் ஆரம்பிக்குது. திரும்பிப் பாத்தா மறுபடி நின்னுருது.

ராஜினாமா பண்ண வேண்டியதுதானேன்னு கேக்குறியா? பண்ணலாம். மறுநாளே இவருக்கு வேலை இருக்காது. இவரு அப்புறம் வீட்டுல உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. ராஜினாமா பண்ணுனா தெருக்காரங்க சும்மா விடுவாங்களா? குப்பையைக் கொண்டாந்து கொட்டிட்டு ஓடிட்டான்னுவாங்க. இருந்தா, கொட்டிட்டு உக்காந்திருக்கான்னு சொல்றாங்க. எப்படிப் பாத்தாலும் அதே நாற்காலிதான். அண்ணன் அடுத்த தடவை என்னைத் துணைத் தலைவரா ஆக்குறேன்னு சொல்லியிருக்காரு. உன்ன மாதிரி வேற யாரு இருக்கான்னு சொல்றாரு. அது நெஜம்தான். வேற யாரும் இல்ல.

இப்பக் கூட எங்க போறேன்னு நெனக்கிற? முதல் தடவையா ஜெயிச்ச பெண் கவுன்சிலருங்களுக்குப் பயிற்சி. ஜில்லா ஆபீசுல. நான்தான் வகுப்பு எடுக்குறேன். அந்த உதவி இயக்குநரு என்னை ஞாபகம் வெச்சுக் கூப்பிட்டிருக்காரு. தீர்மானம் எழுதுவது எப்படின்னு தலைப்பு. என் தீர்மானத்தையே மாதிரியா வெச்சுச் சொல்லணுமாம்.

என்ன கேட்ட? சத்தமாக் கேளு, இஞ்சின் சத்தத்துல கேக்கல.

ஓ. இதை மாத்துறதுக்கு இன்னொரு தீர்மானம் கொண்டு வர முடியாதான்னு கேக்குறியா?

பரவாயில்லையே. முதல் வருஷத்துலயே இதைக் கேக்குறியே. இது வரைக்கும் என்னை யாருமே கேக்கல. தெருவுலயும் கேக்கல, அந்த உதவி இயக்குநரும் சொல்லல. அவருக்கு அது தோணவே இல்ல.

முடியும்மா. ஒரு வாக்கியம் போதும். நான் தலைக்குள்ளயே எழுதி வெச்சிருக்கேன். தாள்ல எழுதல. சொல்லட்டுமா? "இம்மன்றம் தலைவர் அவர்களுக்கு ஏற்கெனவே அளித்த அதிகாரத்தையும், அதன்படி செய்த இடத் தெரிவையும் இத்துடன் திரும்பப் பெறுகிறது." அவ்வளவுதான். குடுத்தவங்க திரும்ப வாங்கிக்கலாம். அதே பாடத்துல, கடைசிப் பக்கத்துல இருக்கும். பாதிக்கு மேல கை தூக்குனாப் போதும். பவுனம்மா தூக்கும், அது எதுக்குனாலும் தூக்கும். பின்வரிசைப் பொம்பளைங்க தூக்குவாங்க, அவங்களுக்கு அண்ணன் மேல ஆயிரம் வருத்தம். எண்ணிப் பாத்துட்டேன். வந்துரும். ஆனா முன்மொழியறதுக்கு ஒருத்தரு எழுந்திரிக்கணும். எழுந்திரிச்சு, நான் எழுதுனது தப்புன்னு... தப்புன்னு இல்ல, தப்பு ஒண்ணும் கெடையாது அதுல, திரும்பப் பெறுகிறோம்னு...

இரு, போன் அடிக்குது.

அண்ணே, சொல்லுங்கண்ணே. பஸ்ஸுல இருக்கேண்ணே. ஆமா, பயிற்சிக்குத்தான். சொல்லுங்க. நாளைக்குக் கூட்டத்துலயா? கூடுதல் பொருளா? ம். ம். கிடங்கு எடம் பத்தலையா? அதுக்குள்ளயா? பக்கத்துல... தெற்காலயாண்ணே? எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கே, அந்த எடமா?

இல்லண்ணே, கேக்குது. லைன்ல இருக்கேன். எவ்வளவு எடம்னு ஈ.ஓ. எழுதியிருக்காரா? அளவு போட வேண்டாம்ண்ணே. அளவு போட்டா அப்புறம் அதுக்கு மேல போகணும்னா திரும்ப மன்றத்துக்கு வரணும். 'தேவைக்கேற்ப'ன்னு போடச் சொல்லுங்க. ஆமா, 'தேவைக்கேற்ப விரிவுபடுத்திக்கொள்ள'. அவ்வளவுதான். அப்ப யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. சரிண்ணே. சரிண்ணே. வெச்சிடுறேன்.

என்னம்மா? ஏன் அப்படிப் பாக்குற?

நல்லாப் படி. காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்க, நான் எறங்கணும்.